ஸ்டாக்கர் வேறு, பின்தொடர்பவர் வேறு

சமூக வலைதளத்தில் நம் பதிவுகளைப் பார்க்க விரும்பிச் சேர்பவரும் ‘பின்தொடர்பவர்’, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு பெண்ணை விடாமல் துரத்துபவனும் ‘பின்தொடர்பவன்’. ஸ்டாக்கர் என்பதைத் தமிழில் எழுதும்போது அதிகம் நடக்கும் தவறு இதுதான். முதலாமவர் நாம் வரவேற்பவர், இரண்டாமவன் வேண்டாம் என்றாலும் போகாதவன். ‘தொல்லை தரும் வகையில் பின்தொடர்பவர்’ என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை, குழப்பம் இருக்காது.

அடுத்தது சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் செடியின் தண்டுக்கும் ‘ஸ்டாக்’ என்றே பெயர். எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. கொடி போலச் சுற்றிக்கொள்பவன் என்று அழகாக ஒரு கதை கட்டிவிடலாம்தான், ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. ஸ்டாக்கருக்கு அடியான ‘ஸ்டாக்’ என்ற வினை பழைய ஆங்கிலத்தில் சத்தமில்லாமல் பதுங்கி நடப்பதைக் குறித்தது. திருடுதலைக் குறிக்கும் ‘ஸ்டீல்’ என்ற சொல்லுக்கு உறவு என்பார்கள். அங்கிருந்து வேட்டைக்குப் போனது. ஸ்காட்லாந்தில் மானைப் பதுங்கிச் சென்று சுடுபவருக்கு இன்றும் ஸ்டாக்கர் என்றுதான் பெயர், அது ஒரு வேலை. பழைய ஆங்கில எழுத்தில் இந்தச் சொல்லைக் கண்டதும் குற்றவாளி என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். மனிதரை விடாமல் தொடர்பவர் என்ற பொருள் பரவலானது 1980களுக்குப் பிறகே. கலிஃபோர்னியா 1990-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது.

உச்சரிப்பில் ‘ல்’ கிடையாது, ‘ஸ்டால்க்கர்’ என்று எழுத வேண்டியதில்லை.

எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. செய்திகளில் வரும் ‘ஒருதலைக் காதல்’. மாதக்கணக்கில் மிரட்டியவனைக்கூட அந்தச் சொல் காதலனாக்கிவிடுகிறது. இதற்கு, பழந்தமிழ் இலக்கணம் ஒருதலைக் காதலுக்குத் தந்த பெயரான கைக்கிளையைத் துணைக்கு அழைப்பது இன்னும் மோசம். தொல்காப்பியம் காட்டும் கைக்கிளையில் ஒருவன் பேசுகிறான், பதில் வரவில்லை, தானே சொல்லி மகிழ்கிறான். துரத்தல் அதில் எங்கே இருக்கிறது?

நேரில் பின்னால் வந்தால்தான் குற்றம் என்று நினைப்பதும் தவறு. 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 354டி பிரிவு, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் கண்காணிப்பதையும் குற்றமாக்கியது. இப்போது அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு. ஸ்டாக்கர் என்ற சொல் இருபாலருக்கும் பொது. ஆனால் இந்தப் பிரிவு பேசுவது பெண்ணைத் தொடரும் ஆணைப் பற்றி மட்டும்.