ஆச்சியின் கல்வெட்டு: 31ஆம் நாளுக்குள் எழுதி அச்சிடும் முறை

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள், அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய கிரியைகள் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் புறப்படும்போது கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பது வழக்கம். அதுதான் கல்வெட்டு, நினைவு மலர் என்றும் சொல்வார்கள். அம்மாக்களின் கல்வெட்டுகள் பலவற்றைப் புரட்டினால் கணவர் பார்த்த உத்தியோகமும் பிள்ளைகள் வாழும் நாடுகளும் தெரியும். அந்த அம்மா என்ன செய்தார் என்பது மட்டும் தெரியாது. "அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்" என்ற வரியை எந்த அம்மாவின் பெயரோடும் ஒட்டலாம். அவர் செய்த வேலைகளை எழுதுங்கள். குடும்பத்தைத் தாங்கிய ஒருவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். 9ஆம் நாள் தொடங்கி 15ஆம் நாள்வரை தகவலும் படங்களும் சேர்க்கலாம். 20ஆம் நாளுக்குள் எழுதி முடித்து, 24ஆம் நாள் அச்சுப்படி பார்த்து, 26ஆம் நாள் அச்சுக்குக் கொடுத்தால் 29ஆம் நாள் புத்தகம் கைக்கு வரும். எழுத ஒருவர், சரிபார்க்க இன்னொருவர் போதும். ஐந்து பேர் சேர்ந்து எழுதினால் ஒரே செய்தி ஐந்து இடத்தில் வரும்.

முதலில் திகதிகள். இடம்பெயர்வுகளில் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்த வீடுகள் ஏராளம். அப்படியானால் சாதகத்தைத் தேடுங்கள். அதில் தமிழ் வருடம், மாதம், நட்சத்திரம் இருக்கும். பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு (மாணவர் சேர்ந்த பதிவேடு) அடுத்த வழி. பலர் மறந்துவிடும் ஓர் ஆவணம் சீதன உறுதி. திருமணத்தையொட்டி நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) எழுதிய அந்த உறுதியில் பெற்றோர் பெயர், மாப்பிள்ளை பெயர், கொடுத்த காணி, எழுதிய திகதி எல்லாம் இருக்கும். அவர் பெயரில் இருந்த வளவு எது, பிறகு எந்த மகளுக்கு எழுதிக் கொடுத்தார் என்பதும் அங்கிருந்தே தெரியவரும்.

ஆவணம் இல்லாத நிகழ்வுகளுக்கு, ஊரே அறிந்த ஒரு நாளை வைத்துக் கேளுங்கள். "எந்த வருசம்?" என்றால் மூத்தவர்களுக்குச் சொல்லத் தெரியாது. "1964 டிசம்பர்ப் புயலுக்கு முன்னமோ, பிறகோ?", "1981இல் யாழ் நூலகம் எரிஞ்சபோது எந்த வீட்டில இருந்தனீங்கள்?", "யாழ்தேவி ரயில் நிண்டதுக்குப் பிறகோ?" என்று கேட்டால் உடனே பதில் வரும். இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்வது ஒத்துப்போனால் எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால் "1970களின் தொடக்கத்தில்" என்று எழுதினால் போதும். ஊகத்தைத் திகதியாக அச்சிட்டால் நாளை பேரப்பிள்ளைகள் அதையே மெய்யென்று எடுத்துக்கொள்வார்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்கு அம்மாவாகத்தான் அவரைத் தெரியும். அவருடைய தங்கையிடமும் மச்சாளிடமும் பக்கத்து வளவுக்காரரிடமும் போனால்தான் அதற்கு முந்திய பெண்ணைக் காணலாம். "அவ எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் "தங்கமான மனிசி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார், மாடு எத்தனை நின்றது, பால் யாருக்கு விற்றார், பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் பனம்பழக் களியில் செய்யும் பனாட்டும் எந்த மாதம் போட்டார், சீட்டுப் பிடித்த காசில் என்ன செய்தார், எந்த நகையை எதற்காக அடகு வைத்தார், மீட்டாரா என்று கேளுங்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, சிறிதளவு மண்ணெண்ணெயில் எரிந்த ஜாம் போத்தல் விளக்கில் எத்தனை பிள்ளைகள் படித்தார்கள்? 1995 ஒக்டோபர் 30 இரவு போரினால் ஊரோடு இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பக்கம் நடந்தபோது கையில் எதை எடுத்தார், எதை விட்டார், நடக்க முடியாதவரை யார் கொண்டுபோனார்கள்? மன உறுதி என்று சொல்லாமலே அது அந்தப் பதில்களில் தெரியும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். முதியவர்களுக்கு ஒரு தடவைக்கு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

எழுதும்போது ஒவ்வொரு பத்தியிலும் அவரே எழுவாயாக இருக்கிறாரா என்று பாருங்கள். "பிள்ளைகள் நன்கு கல்வி கற்றனர்" என்பதை விட, "தோட்டத்து வெங்காயம் விற்ற காசில் இரண்டு பிள்ளைகளுக்கும் விடுதிக் கட்டணம் கட்டினார்" என்பதில் அவர் இருக்கிறார். ஏ5 அளவில், 11 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 சொல் பிடிக்கும். வாழ்க்கை வரலாறு ஆறு, ஏழு பக்கம் வரலாம்.

மிகக் கவனம் வேண்டிய இடம் வம்சாவளி. ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்தின் மனம் ஆண்டுக்கணக்கில் நோகும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் கிளையை மட்டும் அனுப்பி, எழுத்தில் சரி என்று வாங்குங்கள். காணாமற்போன மகனை "அமரர்" என்று போடக் கூடாது. அந்தத் தாய் கடைசிவரை காத்திருந்தாரென்றால், மகனைக் கடைசியாகக் கண்ட திகதியையும் இடத்தையும் எழுதி நிறுத்துங்கள். சின்ன வயதில் இறந்த குழந்தைகளையும் சேர்க்க வேண்டும். அவர் பெற்ற பிள்ளைகள் அவர்களுந்தான். உயிரோடிருப்பவர்களின் பிறந்த திகதியும் முகவரியும் வேண்டாம்.

இறந்த திதியைச் சொல்லும் பாட்டான திதி வெண்பாவைப் பண்டிதர் ஒருவரிடம் எழுதி வாங்குவது நல்லது. நான்கு அடி, ஈற்றடி மூன்று சீர், முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் ஒன்று. அவரிடம் இறந்த நாளின் தமிழ் வருடம், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, இறந்தவரின் பெயர், ஊர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாட்களில் திதி மாறும் நேரத்தில் வேறுபடும். வீட்டுக் குருக்கள் எதைப் பின்பற்றுகிறாரோ அதையே எடுங்கள். வெளிநாட்டில் இறந்தவருக்கு நேர மாற்றத்தில்தான் அதிகம் தவறுகிறது. ரொறன்ரோவில் ஜூலை மாத இரவு 10 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 7.30. இலங்கைப் பஞ்சாங்கத்தில் பார்க்க வேண்டியது அந்த 7.30 மணியை. இதில் பிழைத்தால் வருடாவருடம் திவசமும் (ஆண்டு நினைவுக் கிரியை) தவறான நாளில் நடக்கும்.

அட்டைப் படத்துக்கு அவர் வழமையாகக் கட்டிய சேலையோடு இருக்கும் படமே போதும். ஸ்ரூடியோவில் தலையை மட்டும் வெட்டி வேறொருவரின் பட்டுச் சேலையில் பொருத்துவதற்குச் சம்மதிக்காதீர்கள். கழுத்தடியில் அது தெரிந்துவிடும், அவரையும் வேறொருவராக்கிவிடும். பழைய சிறு படங்களை 600 டிபிஐயில் ஸ்கான் செய்தால் இரு மடங்கு பெருப்பித்தும் அச்சிடலாம். கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம், கண்ணாடியோடே ஸ்கான் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்: 32, 36, 40. வெண்பாவுக்கு அடுத்துப் பஞ்சபுராணம் (ஐந்து திருமுறைப் பாடல்கள்), பிறகு வரலாறு, வம்சாவளி, அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி. அச்சகம் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்தால், யூனிகோடிலிருந்து மாற்றும்போது கிரந்த எழுத்துகள் உடையக்கூடும். ஆகவே இறுதிப் படியைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, பெயர்களை மட்டும் ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் ஒப்பிட வேண்டும். ர/ற, ன/ண பிழைகளுக்கு இன்னொரு தடவை கண்ணோட்டம் விடுங்கள்.

அச்சானதும் ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்குக் (Noolaham Foundation) கொடுங்கள். ஈழத்து நினைவு மலர்களை அவர்கள் எண்ணிம வடிவில் பாதுகாக்கிறார்கள். ஒலிப்பதிவுகளுக்குப் பேசியவர் பெயரும் திகதியும் இட்டு, இரண்டு வீடுகளில் தனித்தனிப் பிரதி வையுங்கள். முதலாம் ஆண்டுத் திவசத்துக்குள் விடுபட்டவையும் திருத்தங்களும் வந்து சேரும். யூனிகோட் மூலப்படி கையில் இருந்தால் அவற்றைச் சேர்த்து மறுபதிப்பு எடுக்கலாம்.