முத்திரை விழுந்த பிளானும் பொய் சொல்லும்: வீட்டு மாற்றியமைப்பு வரைபடங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் ஒரு வீட்டின் மாடி விரிவாக்கத்துக்கு வரைந்து எடுத்துவந்தார். கோடுகள் எல்லாம் கச்சிதம். "சைட்டில் அளந்த தாள் எங்கே?" என்று கேட்டேன். "சைட்டுக்குப் போகலை சார், வீட்டுக்காரர் பழைய அப்ரூவல் பிளானையே கொடுத்துட்டார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதே பதிலை இதே பெருமையோடு சொன்னவன்தான்.

வடக்குக் குறியை மறப்பது, படிவத்தில் கையெழுத்தை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை அனுமதி அலுவலகமே முதல் தடவை திருப்பி அனுப்பிக் கற்றுக்கொடுத்துவிடும். யாரும் திருப்பி அனுப்பாத தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

பழைய பிளானை நம்பி வரைவது

ஒரு வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப வேண்டும். பழைய பிளானில் தளத்துக்குத் தளம் உயரம் 3.00 மீட்டர் என்று இருந்தது. 20 படி, ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர். கணக்கு இவ்வளவு அழகாக வந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வரைந்தேன், அனுமதி வந்தது, பட்டறையில் இரும்புப் படிக்கட்டைச் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தூக்கி நிறுத்தினால் மேல்முனை தளத்துக்கு எட்டவில்லை. அப்போதுதான் முதல்முறையாக அந்த வீட்டில் டேப்பை விட்டுப் பார்த்தேன். 3.14 மீட்டர்.

அந்த 14 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது? சுவரை 3 சென்டிமீட்டர் கூடுதலாக எழுப்பியிருந்தார்கள். 120 மில்லிமீட்டர் போட வேண்டிய கூரைக் காங்கிரீட்டை 150 போட்டிருந்தார்கள். பிற்பாடு கூரை ஒழுகியதால் மேலே 8 சென்டிமீட்டருக்குச் சரிவுப் பூச்சு ஏற்றியிருந்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை. செய்ததை யாரும் பிளானில் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

ஒரு படியைக் கூட்டினால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே படிக்கட்டில் படிகளின் உயரம் சமமாக இருக்க வேண்டும். கடைசிப் படியை மட்டும் 290 ஆக்கினால் ஏறுகிறவர் இடறுவார், ஆய்வாளரும் விடமாட்டார். சரி, 3140ஐ 21ஆல் வகுத்தால் 149.5. உயரம் பொருந்திவிட்டது. ஆனால் கூடுதல் படிக்கு இன்னொரு மிதிபலகை வேண்டும், அது 270 மில்லிமீட்டர். படிக்கட்டின் அடி அவ்வளவு முன்னால் வந்தால் சமையலறைக் கதவு முழுதாகத் திறக்காது. கதவை நகர்த்தலாம் என்றால் அந்தச் சுவரின் லிண்டல் (கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மாறும். லிண்டல் மாறினால் கட்டமைப்புப் பொறியாளர் மறுபடி கணக்குப் போட வேண்டும், திருத்திய வரைபடம் மறுபடி அனுமதிக்குப் போக வேண்டும். வேலை நின்றுபோனது. படிக்கட்டு மாதக்கணக்கில் வாசலில் படுத்தவாக்கில் கிடந்து துருவேறியது. வீட்டுக்காரம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் போகும்போதெல்லாம் அதன் கைப்பிடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இத்தனை பேர் கை மாறியும் யாரும் பிடிக்கவில்லையே என்பதுதான் இன்றும் என்னை எரிச்சல்படுத்துகிறது. அனுமதி அலுவலகத்தில் பார்ப்பவர் தாளை விதியோடு ஒப்பிடுவார். வீட்டோடு ஒப்பிடுவது அந்த மேசையின் வேலை இல்லை. பொறியாளர் நான் கொடுத்த உயரத்தை எடுத்துக்கொண்டார். பட்டறைக்காரர் முத்திரை விழுந்த தாளைப் பார்த்து இரும்பை வெட்டினார். இந்த அளவில் கட்டினால் விதிக்கு உட்பட்டது என்பதைத் தாண்டி அந்த முத்திரை எதையும் சொல்வதில்லை. வீடு அந்த அளவில்தான் இருக்கிறது என்று சொன்னவன் நான் ஒருவன்தான், நான் அளக்கவே இல்லை.

அளப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே துண்டு துண்டாக அளந்து கூட்டாதீர்கள். ஒரு சுவரில் 8 துண்டு, துண்டுக்கு 5 மில்லிமீட்டர் பிசகினால் 40 மில்லிமீட்டர் போயிற்று. ஒரு மூலையில் டேப்பின் பூஜ்யத்தை வைத்துவிட்டு, அதை நகர்த்தாமல் தொடர் அளவாக எல்லாவற்றையும் எழுதுங்கள். அப்புறம் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறையில் இரண்டுமே 5.00 வர வேண்டும். ஒன்று 5.03, மற்றது 4.97 என்று வந்தால் அறை கோணலாக இருக்கிறது. கணினியில் 90 டிகிரி போட்டு அதை நிமிர்த்த உங்களுக்கு உரிமை இல்லை.

சுவர்த் தடிமனை ஒவ்வொரு கதவு நிலையிலும் ஜன்னலிலும் அளக்க வேண்டும். பிளானில் 230 என்று இருக்கும் செங்கல் சுவர் இரு பக்கப் பூச்சோடு சேர்ந்து 260ஐத் தொடும். நான்கு சுவரைத் தாண்டுவதற்குள் 120 மில்லிமீட்டர் காணாமல் போயிருக்கும். அதனால்தான் வெளிப்புறத்தை மொத்தமாக ஒருமுறை அளந்து, உள்ளளவும் சுவர்களும் கூடி அந்த எண்ணுக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். வரவில்லை என்றால் சைட்டை விட்டு நகராதீர்கள். அலுவலகத்துக்கு வந்தபிறகு தெரிந்தால், ஏதோ ஒரு அறையில் அந்த வித்தியாசத்தைத் திணித்துச் சமாளிக்கத்தான் மனசு சொல்லும். எனக்குச் சொல்லியிருக்கிறது.

உயரத்தை ஒரு மூலையோடு நிறுத்தாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைக் கழற்றி மேலே டார்ச் அடியுங்கள். அங்கே ஒரு பீம் உங்களுக்காகக் காத்திருக்கும். கைக்கு எட்டாததை, பூட்டிக் கிடந்த அறையை, ஊகித்து எழுதாமல் "சைட்டில் அளக்கப்படவில்லை" என்று வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். அசிங்கமாகத்தான் தெரியும். பட்டறைக்காரர் அதைப் படித்தால் வெட்டுவதற்கு முன் ஒரு போன் போடுவார்.

சுவரைத் தட்டிப் பார்த்து இடிக்கலாம் என்று முடிவு செய்வது

சத்தம் அந்தச் சுவர் எதனால் ஆனது என்று வேண்டுமானால் சொல்லும். மேலிருந்து என்ன சுமை வருகிறது என்று சொல்லாது. மேல்தளத்தில் அதே இடத்தில் சுவர் இருக்கிறதா, கூரைச் சட்டங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எதன்மேல் முடிகின்றன என்று பாருங்கள். மெல்லிய சுவரும் சுமை தாங்கும். பொறியாளரைக் கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடும் வழக்கத்தை விடுங்கள். அவர் முதல் வாரத்தில் "இங்கே தூண் வரும்" என்றால் அது வடிவமைப்பு. நான்காவது மாதம் சொன்னால், சோபாவுக்கு முன்னால் முளைத்த தூண்.

இருப்பதையும் இடிப்பதையும் ஒரே தாளில் குழைப்பது

இருப்பது ஒரு தாள், இடிப்பது ஒரு தாள், புதியது ஒரு தாள். இடத்தை மிச்சம் பிடிக்க மூன்றையும் ஒன்றாக்கினால் புள்ளிக்கோடுகள் குழம்பும். இடிக்க வேண்டிய சுவரும் புள்ளிக்கோடு, தலைக்கு மேல் ஓடும் பீமும் புள்ளிக்கோடு. நான் வரைந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேஸ்திரி ஒருவர், "சார், இந்த பீமையும் எடுத்துரணுமா?" என்று கேட்டார். நல்ல வேளையாகக் கேட்டார்.

வீட்டுக்காரரிடம் அனுமதி வரும் தேதியைச் சொல்வது

சொல்லாதீர்கள்.

பழைய மீறலை "இருப்பது" என்று வரைந்து நழுவுவது

பின்பக்கம் ஒரு அறை இருக்கும். அப்ரூவல் பிளானில் அது இருக்காது. கேட்டால் "அது நாங்க வாங்கும்போதே இருந்தது" என்பார்கள். அதை "இருப்பது" என்று வரைந்து கொடுத்துவிட்டால், பார்ப்பவர் பழைய கோப்பை எடுத்து ஒப்பிட்ட அன்றைக்கு உங்கள் புதிய வேலையும் சேர்ந்து நிற்கும். அது எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளியைத் தின்றிருக்கலாம். கட்டக்கூடிய மொத்தப் பரப்பையும் ஏற்கெனவே தீர்த்திருக்கலாம். வரையத் தொடங்கும் முன்பே பழைய அனுமதிக் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். (அளவுக்கு நம்பக் கூடாது என்று சொன்ன அதே தாள்தான். எதற்கு அனுமதி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.) அந்த அறையை முறைப்படுத்த வேண்டுமா, இடிக்க வேண்டுமா என்ற பேச்சை வீட்டுக்காரரோடு முதல் நாளே பேசிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான். சிலர் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். போகட்டும்.

திருத்தக் கடிதத்துக்குப் பாதிப் பதில்

அலுவலகத்திலிருந்து 12 குறிப்புகளோடு கடிதம் வரும். புதியவர்கள் சுலபமான 9க்குத் திருத்திவிட்டு, மீதியைப் பார்க்காததுபோல் திரும்ப அனுப்புவார்கள். மறுபடி வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் அதே எண்ணில் பதில் எழுதுங்கள்: என்ன மாற்றினோம், எந்தத் தாளில். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எந்த விதியின் அடிப்படையில் என்று எழுதுங்கள். மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம்போல் வளைந்த கோடு, அதாவது மேகக்கோடு, போடுங்கள். பிளானில் ஜன்னலை நகர்த்தியவர் எலிவேஷனிலும் (வெளித்தோற்ற வரைபடம்) செக்ஷனிலும் (குறுக்குவெட்டு வரைபடம்) அதை நகர்த்தினாரா என்று இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வரைந்தவர் கண்ணுக்கு அது தெரியாது.

அனுமதிக்குப் பின் ஜன்னலை நகர்த்துவது

"ஒரு அடிதானே" என்பார்கள். ஆய்வாளர் கையில் இருப்பது பழைய தாள். படுக்கையறை ஜன்னலின் அளவையும் தரையிலிருந்து அதன் உயரத்தையும் தீ விபத்தில் வெளியேறும் வழியாகப் பல விதிகள் கணக்கில் எடுக்கின்றன. பக்கத்து எல்லைக்கு எவ்வளவு அருகில் திறப்பு வரலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பூச்சு முடிந்த பிறகு நகர்த்திய ஜன்னலை அடைத்துவிட்டு, பழைய தாளில் இருந்த இடத்தில் மறுபடி உடைத்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். உள்பக்கம் இரண்டு கோட் பெயின்ட் அடித்தும் அந்தச் சதுரம் இன்னும் தெரிகிறது.