நான்கு தரப்பும் ஒரே அளவுகோலும்: ஏரிச் சீரமைப்பைக் கூட்டாகச் செய்யும் முறை

காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது தாங்கும் ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது என்பதால், வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழை சில நாள்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் நிலைக்கு நம் ஏரிகளை ஆயத்தப்படுத்த வேண்டியிருக்கிறது. ஊரார், நீர்வளத்துறை, கல்லூரி, நிறுவனம் ஆகிய நால்வரும் கூடினால் பணமும் எந்திரமும் எப்படியோ வந்துவிடும். எதை அளப்பது என்பதில்தான் சிக்கல் எழும்.

ஆகவே முதல் வேலையாக, மதகுக்கு அருகில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வரைந்த நீர்மட்ட அளவுகோல் ஒன்றை நடுங்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று அதைப் படமெடுத்து, நால்வரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இடுவதையும், அந்த அளவைப் பொதுவான கூகுள் விரிதாளில் எடுத்தவர் பெயருடன் பதிவதையும் ஒருவர் பொறுப்பாக்குங்கள். இந்த எளிய பதிவேடு இல்லாமல் உணர்கருவி வாங்குவது வீண் செலவு என்பதே என் கருத்து.

அடுத்தது, ஏரிக்கு நீரைக் கொண்டுவரும் வரத்துக் கால்வாய். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலமுடையது என்பதால், ஏரியின் நீர்ப்பரப்பு தெளிவாகத் தெரியுமே தவிர, மூன்று மீட்டர் கால்வாய் தெரியாது. அதைக் காண, ஊரில் ஏரி நீரைத் திறந்துவிட்டுப் பாய்ச்சும் பணியாளரான நீர்க்கட்டியுடன் நடந்துதான் ஆக வேண்டும். கல்லூரி மாணவர் இருவர் கைபேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்தபடி அவர் பின்னால் செல்லட்டும். சீமைக் கருவேலம் அடைத்த இடம், மண் மேடிட்ட இடம், சாலைக்கடியில் குழாய் சிறுத்த இடம் என அவர் நிற்கும் ஒவ்வோர் இடத்தையும் படத்துடன் குறியுங்கள். பிறகு அத்தடத்தை, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்துடனும், நிலத்தின் வகையைக் குறிக்கும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டுடனும் ஒப்பிட்டுப் பார்த்தால், எது நீர்நிலைப் புறம்போக்கு, எது பட்டா நிலம் என்பது புலப்படும். ஆக்கிரமிப்பு தென்பட்டால் அதைக் குழுவில் விவாதிக்காமல் வட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுப்பதே நல்லது. உறவுக்காரர் பெயர் வெளிவந்ததும் கூட்டு உடையும்.

நிதிக்கு, 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு வழி செய்கிறது: சட்டம் குறிக்கும் வரம்பை எட்டிய நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நிறுவனங்களின் கணக்கு மார்ச் மாதத்தில் முடிகிறது. ஏரியில் அப்போது தண்ணீர் நிற்கலாம். ஆகவே வேலையைக் கோடையில் நடத்தி, பணத்தைக் கட்டம் கட்டமாக விடுவிக்க முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தொகையை வெட்டிய மண்ணின் கன அளவுக்கு மட்டும் கட்டிப்போடாதீர்கள். அப்படிச் செய்தால் கரையோரம் ஆழமாகத் தோண்டிவிட்டு, வரத்துக் கால்வாயைத் தொடாமல் போவார்கள். கால்வாய் முகப்பு திறந்ததையும் ஒரு கட்டமாகச் சேருங்கள். வேலையின் விவரத்தைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக்கினால், ஊராட்சித் தலைவர் மாறினாலும் பணி நிற்காது.

மழைக்காலத்தில் மேகம் மறைத்தால், மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைக் கல்லூரியினர் பார்க்கட்டும். ஊரில் இருப்பவர்களுக்கோ முதல் பெருமழை இரவே சோதனை: டார்ச்சுடன் கால்வாய் முகப்பில் நின்று, நீர் எத்தனை மணிக்கு ஏரிக்குள் நுழைந்தது, ஏரி நிரம்பி மிகைநீர் வெளியேறும் கலிங்கு எந்நாளில் வழிந்தது என்பதை அதே விரிதாளில் பதியுங்கள்.