பழைய அவுட்போர்டு எஞ்சின்: கார்பரேட்டரில் கை வைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்த டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்பக்கம் மாட்டும் எஞ்சின், ஸ்டார்ட் ஆக மறுத்தாலும் சரி, ஸ்டார்ட் ஆகி ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்தாலும் சரி, சுற்றி நிற்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கார்பரேட்டரைக் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம்) கழற்றிக் கழுவு." பல நேரம் அது சரியாகவும் இருந்துவிடுவதால், சோதித்துப் பார்க்கும் பழக்கமே யாருக்கும் வருவதில்லை.

பதினைந்து வருடம் ஓடிய எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம். பிளக்குகளைக் கழற்றி, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, கயிற்றை நாலைந்து முறை இழுத்தால் போதும். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. ஒன்று 120, இன்னொன்று 85 என்று காட்டினால் கார்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் அந்த எஞ்சின் திருந்தப் போவதில்லை, காசைப் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் எடுத்து வையுங்கள். அப்புறம் ஸ்பார்க். பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுத்து எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாம், ஆனால் எடுத்த வயரை எஞ்சின் பாடியில் எர்த் செய்யாமல் தொங்கவிட்டால் ஸ்பார்க்கைக் கொடுக்கும் சி.டி.ஐ. யூனிட்டே போய்விடக்கூடும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை ஆகிவிடும்.

அடுத்த தவறு, பெட்ரோல் வந்து சேராததற்குக் கார்பரேட்டரைக் குற்றம் சொல்வது. வேகமாகப் போகும்போது எஞ்சின் திணறினால், டேங்கிலிருந்து வரும் குழாயின் நடுவில் இருக்கிற ரப்பர் பந்தை ஓடும்போதே ஒருவர் அமுக்கிப் பார்க்கட்டும். அமுக்க அமுக்க வேகம் பிடிக்கிறதென்றால் கோளாறு கார்பரேட்டருக்கு முன்னாலேயே இருக்கிறது: பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு), ஓட்டை விழுந்து காற்றை இழுக்கும் குழாய், அடைத்த ஃபில்டர், அல்லது டேங்க் மூடியில் திறக்காமல் விட்ட காற்றுத் திருகு. கடைசியாகச் சொன்னதற்கு ஐந்து பைசா செலவில்லை. அமுக்கியும் வேகம் பிடிக்கவில்லை, ஆனால் ஐட்லிங் நன்றாக இருக்கிறது என்றால் கார்பரேட்டரில் வேகத்துக்கான பெட்ரோலை விடும் சின்ன ஓட்டையான மெயின் ஜெட்டைச் சந்தேகப்படலாம்.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நிறுத்துவதற்குச் சற்று முன் திரும்பப் பெட்ரோலுக்கு மாற்றாவிட்டால் கார்பரேட்டரின் அடியில் இருக்கிற ஃப்ளோட் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிடும், மறுநாள் குளிர்ந்த எஞ்சின் அதில் லேசில் பிடிக்காது. கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து வடித்துவிட்டால் தீர்கிற விஷயத்துக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நேர் எதிரான தவறு ஒன்று இருக்கிறது, இதுதான் காசை விழுங்கும். காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்து வைத்தால்தான் எஞ்சின் ஓடுகிறது. சரி, ஓடுகிறதே, இந்த சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது. சோக் போட்டால்தான் ஓடும் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பெரும்பாலும் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டும் அதையொட்டிய சன்னமான வழிகளும் அடைத்திருக்கும். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டும் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் சேர்ந்து குறைகிறது. இரண்டு, மூன்று சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர். அதில் ஒன்று மட்டும் அடைத்துக்கொண்டால் மற்றவை எஞ்சினை இழுத்துக்கொண்டு போகும், சத்தத்தில் பெரிய வித்தியாசம்கூடத் தெரியாது, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் எண்ணெய் போதாமல் சூடேறிக் கடைசியில் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரிலேயே இறுகிப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயைக் கூட்டிக் கலந்தால் தப்பிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். அதே ஓட்டை வழியாக எண்ணெய் அதிகம் போனால் பெட்ரோல் இன்னும் குறையும், அவ்வளவுதான். 50-க்கு 1 என்று கம்பெனி சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அதோடு நிறுத்துங்கள். ஆக கம்ப்ரஷனும் ஸ்பார்க்கும் நன்றாக இருந்து, பெட்ரோலும் ஒழுங்காக வந்து, சோக் இல்லாமல் நிற்கவில்லை என்றால் அடுத்த நடைக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

கழற்றினால் எல்லாக் கார்பரேட்டரையும் கழற்ற வேண்டும். ஒன்றில் பிசின் படிந்திருந்தால் அதே பெட்ரோல் குடித்த மற்றவை சுத்தமாக இருக்க வாய்ப்பில்லை. க்ளீனர் ஸ்ப்ரேயைக் கார்பரேட்டரின் வாய்க்குள் அடித்துவிட்டு சர்வீஸ் ஆயிற்று என்று சொல்வது ஏமாற்று வேலை, அது ஜெட்டுக்குள் போவதில்லை, உள்ளே இருக்கிற எண்ணெயைத்தான் கழுவும். ஜெட் பித்தளை, கம்பியை விட்டுக் குடைந்தால் ஓட்டை பெரிதாகிவிடும், மெல்லிய நைலான் தூண்டில் நரம்பும் கம்ப்ரஸர் காற்றும் போதும். பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெல்ல உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டர்களை இணைக்கும் கம்பியை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று சரிபார்க்கலாம். ரப்பர் ரிங்கை க்ளீனரில் ஊறப்போடாதீர்கள்.

இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், கடற்கரை ஈரத்தில் கேட்கவே வேண்டாம். பழைய குழாயும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, உள்ளே இற்று உதிர்ந்த ரப்பர் துணுக்கு நேராக ஜெட்டுக்குத்தான் வரும். கார்பரேட்டரைக் கழுவிவிட்டுக் குழாயையும் ஃபில்டரையும் அப்படியே விட்டால் சீக்கிரமே அதே வேலை திரும்ப வரும்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று கரையில் தண்ணீர் இல்லாமல் முடுக்குவது இன்னொரு கொடுமை, தண்ணீர் பம்பின் ரப்பர் விசிறி கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். டிரம்மில் இறக்கி ஓட்டுங்கள். எஞ்சினை நீண்ட நாள் நிறுத்துவதானால், குழாயைப் பிடுங்கிவிட்டுத் தானாக அணையும்வரை ஓடவிட்டால் போதும் என்று நம்ப வேண்டாம், அதில் கிண்ணம் முழுதாகக் காலியாவதில்லை. ஒவ்வொரு கிண்ணத்தின் அடித்திருகையும் திறந்து வடித்துவிடுங்கள்.