பட்ஜெட்டில் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ: சென்னையில் வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

ஷோரூமில் 50 லட்சத்துக்கு இறங்கிய செடான் பத்து வருடத்தில் பத்து, பன்னிரண்டு லட்சத்துக்கு வந்துவிடும். அதன் ஹெட்லைட்டும் ஷாக் அப்சார்பரும் கியர்பாக்ஸும் அப்படி இறங்காது. அவை இன்னும் 50 லட்ச ரூபாய் காரின் பாகங்கள்தான், விலையும் அப்படித்தான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. எனவே கையில் 15 லட்சம் இருந்தால் 15 லட்சத்துக்குக் காரைத் தேடாதீர்கள். பதினொன்று, பன்னிரண்டுக்குள் காரை முடித்துவிட்டு மிச்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். நான்கு டயர், பேட்டரி, கியர் ஆயில், பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) என்று பழைய ஓனர் தள்ளிப்போட்டதெல்லாம் முதல் ஆறு மாதத்தில் வரிசையாக வந்து நிற்கும். பல நேரம் அவர் விற்பதே அந்தச் செலவுக்குப் பயந்துதான்.

செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007 முதல் பிஎம்டபிள்யூ தயாராகிறது என்பதால் சென்னையில் பார்ட்ஸ் மலிவு என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி பட்ஜெட் போட வேண்டாம்.

எந்த மாடல், எந்த வருடம்

பிஎம்டபிள்யூ 320டி, 520டி கார்களில் இருந்த என்47 டீசல் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினின் பின்னாலிருந்து கரகரவென்று சத்தம் வரும். அதை மாற்ற வழக்கமாக இன்ஜினையே இறக்க வேண்டும். 2011-க்கு முன் தயாரானவற்றில்தான் இந்தத் தொல்லை அதிகம். அதற்குப் பின் வந்த வண்டியாகப் பாருங்கள், அதிலும் சத்தத்தைக் கேட்காமல் விடாதீர்கள்.

பென்ஸில் டபிள்யூ204 தலைமுறை சி கிளாஸும் டபிள்யூ212 தலைமுறை இ கிளாஸும் இந்த பட்ஜெட்டில் அகப்படும். இவற்றில் வரும் ஓஎம்651 டீசல் நன்றாக உழைக்கும் இன்ஜின். ஆனால் தொடக்க வருடங்களில் வந்த இன்ஜெக்டர்கள் (டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) சிக்கல் கொடுத்தன, அவை மாற்றப்பட்டதற்கான பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாவியைப் போட்டதும் ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் 'ஸ்ஸ்க்' என்ற சின்னச் சத்தத்தையும் கவனியுங்கள். அந்த மின் பூட்டு செத்துவிட்டால் சாவி திரும்பாது, டேஷ்போர்டு எரியாது, கார் நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆடி ஏ4-இல் 2008 முதல் 2011 வரையிலான டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல் இன்ஜின்கள் ஆயில் குடிக்கும். பிஸ்டன் ரிங்தான் காரணம். ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதியுங்கள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பேட்ஜ் முக்கியமில்லை, சொகுசு போதும் என்பவருக்கு டொயோட்டா கேம்ரி ஹைபிரிட்டும் ஸ்கோடா சூப்பர்பும் உண்டு. கேம்ரியில் பின்சீட் பக்கம் ஹைபிரிட் பேட்டரிக்குக் காற்று போகும் துவாரம் இருக்கும். அதில் தூசியும் நாய் முடியும் அடைத்திருந்தால் பேட்டரி பல நாள் வெந்திருக்கிறது என்று அர்த்தம். சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ-யில் இருப்பது உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வடபழனி சிக்னலில் ஊர்ந்து போகும்போது முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகையில் உதறினால் கிளட்ச் அல்லது மெக்கட்ரானிக்ஸ் (கியரை மாற்றும் மின்னணு யூனிட்) செலவு காத்திருக்கிறது. 2.0 டிடிஐ டீசலோடு வந்த ஆறு கியர் டிஎஸ்ஜி ஆயிலில் மூழ்கிய கிளட்ச், அதற்கு நம் டிராஃபிக் அவ்வளவு பகை இல்லை.

தண்ணீரில் நின்ற வண்டி

சென்னையில் இன்ஜினுக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. ஜெர்மன் செடான்களில் கம்ப்யூட்டர் யூனிட்டுகளும் வயர் இணைப்புகளும் கார்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்குக் கீழேயும் டிக்கிப் பள்ளத்திலும் இருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே புகுந்தாலே போதும். அன்றைக்கே எதுவும் கெடாது. கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறி ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒவ்வொன்றாக எர்ரர் வரும்.

கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. முன்சீட் பெல்ட்டை ரீலின் கடைசி வரை மெதுவாக இழுங்கள். வெளியே தெரியும் பகுதியை எல்லோரும் கழுவிவிடுவார்கள். ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி ஒன்றரை அடி யாருக்கும் நினைவு வராது. அங்கே செம்மண் நிறக் கோடோ, நாடாவில் விறைப்போ தெரிந்தால் முடிந்தது. பிறகு சீட்டைப் பின்னே தள்ளி, தண்டவாளத்தை இறுக்கியிருக்கும் போல்ட்டுகளில் டார்ச் அடியுங்கள். துருவும் ஸ்பானர் பட்ட கீறலும் சேர்ந்து இருந்தால் சீட்டைக் கழற்றிக் காய வைத்திருக்கிறார்கள். கதவடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டியைக் கிளப்பி, கார்பெட்டுக்குக் கீழுள்ள ஸ்பாஞ்சில் விரலை அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்பது வருட காரில் புத்தம் புது கார்பெட், மூக்கைத் துளைக்கும் பெர்ஃப்யூம் இரண்டும் நல்ல அறிகுறி அல்ல.

ஈரம் என்றாலே வெள்ளம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் சன்ரூஃப் வடிகால் குழாய் இலைத்தூளால் அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கும். சன்ரூஃபைத் திறந்து அதன் முன் மூலைப் பள்ளத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் முன் சக்கரத்தின் பக்கம் சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் குழாயைச் சுத்தம் செய்தால் தீரும், ஆனால் எத்தனை மழை உள்ளே இறங்கியது என்று கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும்.

காகிதத்திலும் தடயம் கிடைக்கும். கடைசி மூன்று, நான்கு வருட இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்சிபி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 50-இல் இருந்தது வெள்ளத்துக்கு அடுத்த பாலிசியில் பூஜ்யமாகியிருந்தால் பெரும்பாலும் நடுவில் க்ளெய்ம் நடந்திருக்கிறது. பம்பர்தான் மாற்றினோம் என்றால் அதற்கு பில் இருக்கட்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் நின்ற கார் என்றால் உப்புக்காற்று இன்னொரு கணக்கு. லிஃப்டில் ஏற்றி பிரேக் குழாய்களையும் அடிப்பக்க போல்ட்டுகளையும் பாருங்கள். ஏசி கண்டென்சரின் தகடு விரல் பட்டதும் பொடியாக உதிர்கிறதா என்றும் பாருங்கள்.

காலையில் போங்கள், ஸ்கேனரோடு போங்கள்

பார்க்க வருவதற்கு முன் காரை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ சத்தத்தை மறைக்கிறார்கள், அல்லது பேட்டரி செத்திருக்கிறது. எஸ் கிளாஸ் போல ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் இரவெல்லாம் நின்ற நிலையிலேயே நான்கு சக்கர வளைவுகளையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் காற்றுப் பை கசிகிறது.

தெருவில் கிடைக்கும் மலிவான ஓபிடி கருவி (காரின் எர்ரர்களைப் படிப்பது) இன்ஜினை மட்டும்தான் படிக்கும். அந்தந்த கம்பெனிக்குரிய ஸ்கேனர் வைத்திருக்கும் தனியார் ஒர்க்‌ஷாப்புகள் கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், அம்பத்தூர் பக்கம் இருக்கின்றன. காரை அங்கே கொண்டுபோகச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எர்ரர் இருக்கிறதா என்பது மட்டும் கேள்வி அல்ல. எல்லாவற்றையும் நேற்றுத்தான் அழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். கார் தானே செய்துகொள்ளும் சோதனைகளான ரெடினஸ் மானிட்டர்கள் 'முடியவில்லை' என்று காட்டினால் அழித்து அதிக தூரம் ஓடவில்லை.

மீட்டரைத் திருப்பியதும் இங்கேதான் மாட்டும். டேஷ்போர்டு எண்ணை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கியர்பாக்ஸ், ஏர்பேக், கதவு யூனிட்டுகளில் பதிவானதைத் தொடுவதில்லை. பழைய எர்ரர் ஒன்று 1,42,000 கிலோமீட்டரில் பதிவாகியிருக்க, மீட்டர் 78,000 காட்டினால் மேற்கொண்டு விசாரணை எதற்கு? பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் சாவியே கிலோமீட்டரைச் சேமித்து வைக்கும். இதோடு சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பதிவையும் ஓனர் மூலமாக வாங்குங்கள்.

உங்களோடு வருகிறவரை, பெயிண்டின் தடிமனைக் காட்டும் மீட்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கம்பெனி பெயிண்ட் சுமார் 80 முதல் 150 மைக்ரான் இருக்கும். 250 என்றால் மறுபெயிண்ட். ஆயிரத்தைத் தாண்டினால் பட்டி பார்த்த இடம். கதவில் டிங்கரிங் நடந்திருந்தால் விலையில் பேசிக்கொள்ளலாம். கூரையைத் தாங்கும் தூணில் பட்டி இருந்தால் வேண்டவே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். சென்னை வெயிலில் ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயரை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், மாற்ற வேண்டியதாகவே கணக்கில் எடுங்கள். பிஎம்டபிள்யூவில் காற்று இறங்கினாலும் ஓடும் ரன்ஃபிளாட் டயர் இருந்தால் ஸ்டெப்னி இருக்காது.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், மதிய வெயிலாக இருந்தால் இன்னும் நல்லது. ஏசி காற்றுத் துவாரத்தில் சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். ஓடத் தொடங்கிய பத்து நிமிடத்தில் 10 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காமல், கேஸ் மட்டும் போட்டால் சரியாகிவிடும் என்றால், கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். எவாபரேட்டர் கசிவென்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். முதலில் வேகத்தடை நிறைந்த உள்தெரு ஒன்றில் கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி ஓட்டுங்கள். 'டொக்' என்றால் சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் புஷ் தேய்ந்திருக்கும். பிறகு கத்திப்பாரா மேம்பாலம், அங்கிருந்து ஜிஎஸ்டி ரோடு. கியர் மாறும்போது முதுகில் தட்டுவது போல உணர்ந்தாலோ, 60-இல் சீராகப் போகும்போது ஸ்டீயரிங்கில் மெல்லிய நடுக்கம் வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள்.

பிஒய் நம்பர், டெல்லி வண்டி, ஆர்சி

ஒரே மாதிரிக் கார், ஒன்று டிஎன், மற்றொன்று புதுச்சேரிப் பதிவான பிஒய் 01, விலையில் நல்ல வித்தியாசம். அந்த வித்தியாசம் உங்களுக்கு லாபம் அல்ல, கட்டாத வரி. வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பார்த்து இது குறையும், ஆனால் கணக்குப் போடுவது கார் புதிதாக இருந்தபோதைய விலையை வைத்து. டெல்லியில் 10 வருடம் கடந்த டீசல் கார்களுக்கு நீதிமன்ற உத்தரவுகளால் நெருக்கடி வந்தபின் அங்கிருந்து இறங்கும் கார்களுக்கும் இதே கணக்குதான். என்ஓசி (தடையில்லாச் சான்று) விவரமும் வரித்தொகையும் என்னவென்று ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்து, விலையோடு கூட்டிப் பார்த்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.

டிஎன் வண்டி என்றால் வேலை எளிது. அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு சலான் பாக்கி, பிளாக்லிஸ்ட், ஹைப்போதிகேஷன் (கடன் அடமானம்) மூன்றையும் பாருங்கள். கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கி பெயர் இருந்தால் படிவம் 35-உம் வங்கியின் என்ஓசி-யும் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சொகுசுக் கார்களில் பல கம்பெனி பெயரில் இருக்கும். அப்படியானால் விற்க அதிகாரம் கொடுக்கும் போர்டு தீர்மானமும் கையெழுத்துப் போடுகிறவரின் அடையாளமும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது, அதனால் பிரீமியம் அவர் கட்டியதைவிட அதிகமாகத்தான் இருக்கும்.

வாங்கிய வாரத்திலேயே

பழைய ஓனர் என்ன சொல்லியிருந்தாலும் இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். ஓஎம்651-க்கு சுமார் 6.5 லிட்டர், என்47-க்கு சுமார் 5.2 லிட்டர், கையேட்டில் சொன்ன தரத்திலேயே. பிஎம்டபிள்யூவின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் 'ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்' என்பார்கள். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியும் ஃபில்டரும் ஒரே பாகம், ஃபில்டரை மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, கியர் ஆயிலின் வெப்பத்தை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டேதான் சரிபார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் குத்துமதிப்பாக ஊற்றுகிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பேட்டரி மாற்றினாலும் அதை காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் ஏற்றி புதியதைக் கெடுத்துவிடும்.

பக்கக் கண்ணாடியின் மூடி, உள்பக்க பிளாஸ்டிக், ஹெட்லைட் போன்றவற்றை பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடலாம், பாதி விலைக்குக் கீழேகூடக் கிடைக்கும். பிரேக், லோயர் ஆர்ம், ஏர்பேக் மூன்றையும் மட்டும் அங்கே வாங்காதீர்கள்.