இரட்டைச் சிலிண்டருக்கு வால்வு வாங்கும்போது

குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதிகளிலிருந்து களியக்காவிளையைக் கடந்து கோவளத்துக்குப் போய் ஸ்கூபா டைவிங் பழகியவர்களில் சிலர், ஒற்றைச் சிலிண்டரிலிருந்து இரட்டைச் சிலிண்டருக்கு மாறும்போது சிலிண்டரையும் அதைக் கட்டும் பட்டையையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வால்வை மட்டும் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கிக்கொள்கிறார்கள். முதுகில் இரண்டு சிலிண்டர் இருப்பது காற்று கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக மட்டுமல்ல. ஒரு ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி, கோளாறானால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சுவிட்டபடி மேலே வரலாம் என்பதும் ஒரு காரணம். அந்த மூடும் வேலையைச் செய்வது வால்வு என்பதால், தேர்வை அதிலிருந்து தொடங்குவதே முறை.

முதலில் பார்க்க வேண்டியது சிலிண்டர் கழுத்தின் மரை. பரவலாகப் புழங்கும் 207 பார் (பார் என்பது அழுத்த அலகு) அலுமினியம் 80 வகைச் சிலிண்டரின் கழுத்தில் பெரும்பாலும் முக்கால் அங்குல மரை, அதாவது அங்குலத்துக்கு 14 புரி, இருக்கும். ஐரோப்பிய எஃகுச் சிலிண்டர்களில் பெரும்பாலும் எம் 25×2 மரை, அதாவது 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. புரி இடைவெளியும் கொண்டது, இருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பழைய வால்வு ஒன்றை ஒருமுறை அலுமினியச் சிலிண்டரில் விரலால் திருகிப் பார்த்தேன். அது சிரமமே இல்லாமல் அடிவரை இறங்கி, ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையத்தின் மேல் பதிந்து, சரியாகப் பொருந்தியதுபோலவே நின்றது. பிடித்து அசைத்தபோதுதான், விழப்போகும் பால்பல்லைப்போல் லேசாக ஆடியது. கழற்றித் துணியால் துடைத்தபோது அதில் எம் 25 என்று பொறித்திருந்தது தெரிந்தது. அப்படியே காற்று ஏற்றியிருந்தால் வால்வு தெறித்துப் பறந்திருக்கும். இவ்வகைப் பொருத்தக் கோளாறுகள் உயிரைப் பறித்ததும் உண்டு. எனவே கழுத்திலும் வால்விலும் பொறித்துள்ள குறிகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த வால்வையும் வாங்கக் கூடாது; குறி தேய்ந்துபோன வால்வை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது மேனிஃபோல்டு, அதாவது இரு வால்வுகளையும் இணைக்கும் குறுக்குக் குழாய். அது இல்லாமல் தனித்தனியாக இரண்டு சிலிண்டர் கட்டுபவர்களும் உண்டு. அவர்கள் ஒரு பக்கத்தை மூடினால் அந்தப் பக்கக் காற்று முழுவதும் பயன்படாமல் போய்விடும். மேனிஃபோல்டு இருந்தால் ஒரு ரெகுலேட்டரை மூடிய பிறகும் இரு சிலிண்டர்களின் காற்றும் மறு ரெகுலேட்டருக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் கழுத்து ஓ-ரிங் கிழிந்து காற்று கொட்டத் தொடங்கினால் இரண்டும் சேர்ந்தே காலியாகும் என்பதால், குழாயின் நடுவே ஐசோலேட்டர் எனப்படும் நடு வால்வு உள்ளதையே வாங்க வேண்டும் என்பது என் கருத்து. 12 லிட்டர் சிலிண்டர் இரண்டில் 200 பார் இருந்தால் 4800 லிட்டர் காற்று. நடு வால்வை உடனே மூடினால் பாதியான 2400 லிட்டர் மிஞ்சும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சுவிடுபவருக்கு, அழுத்தம் நான்கு மடங்காகும் 30 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 80 லிட்டர் தேவைப்படும் என்பதால், அது அரை மணி நேரக் காற்று.

இந்த நடு வால்வுக்கு ஒரு குணம் உண்டு: மூடியிருப்பதை மறந்தால் அதுவே எதிரியாகிவிடும். ஒருமுறை காற்று நிரப்பிய இடத்தில் அது மூடியே கிடந்ததை நானும் கவனிக்கவில்லை. இடது சிலிண்டர் மட்டும் நிரம்பியிருந்தது. அளவுமானி இடப்பக்கத்தில், நான் மூச்சுவிட்டதோ வலப்பக்க ரெகுலேட்டரில். பத்து நிமிடமாகியும் முள் அசையாததைக் கண்டு, சிக்கனமாக மூச்சுவிடுகிறேன் என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன். மூச்சு இறுகிய பிறகே கை நடு வால்வைத் தேடிப் போனது. அதிலிருந்து நிரப்பும் முன்பும் நீரில் இறங்கும் முன்பும் அதை முழுவதும் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ரெகுலேட்டர் பொருந்தும் வாய், திருகிப் பொருத்தும் டின் (DIN) வகையாக இருப்பதே இரட்டைச் சிலிண்டருக்கு ஏற்றது. கிளாம்ப் போட்டு இறுக்கும் யோக் வகையைவிட இதில் ஓ-ரிங் பத்திரமாக அடைபட்டிருக்கும். 300 பார் டின் ரெகுலேட்டர் 200 பார் வால்விலும் பொருந்தும். அதைவிட மரை நீளம் குறைந்த 200 பார் ரெகுலேட்டரோ 300 பார் வால்வில் அடைக்காது. யோக் ரெகுலேட்டரையே வாடகைக்குத் தரும் இடங்களுக்குப் போகிறவர்கள், ஆலன் கீயால் கழற்றி மாட்டும் உள்வளையத்துடன் வரும் 200 பார் வால்வை வாங்கினால் இரண்டுக்கும் உதவும்.

வால்வுகள் இடம், வலம் என்று ஜோடியாக வர வேண்டும், அவற்றைத் திறந்து மூடும் குமிழ்கள் வெளிப்புறம் நோக்கி இருக்க வேண்டும். பாறைக் கூரையில் உரசினால் வலக் குமிழ் திறக்கும் திசையிலும் இடக் குமிழ் மூடும் திசையிலும் சுழலும்; காற்று தீர்ந்த நண்பருக்கு மூச்சுவிடக் கொடுக்கும் ரெகுலேட்டரின் நீளக் குழாயை வலப்பக்கத்தில் மாட்டுவது இதனால்தான். குமிழ் ரப்பரால் ஆனதாக இருந்தால் ஈரக் கையுறையிலும் பிடி வழுக்காது, மோதினாலும் உடையாது. குறுக்குக் குழாயின் நீளம் பட்டையில் கட்டிய சிலிண்டர்களின் நடுவிலிருந்து நடு வரையுள்ள தூரத்துக்குப் பொருந்த வேண்டும். சிலிண்டரின் விட்டத்தை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுத்தால் ஏமாறலாம். வால்வின் அடியில், துருத்தூள் ஏறாமல் தடுக்கும் சிறு குழாய் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் சிலிண்டரும் வால்வும் 2016-ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை என்பதால், பொருத்தும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே கொடுக்க வேண்டும். பொருத்தி, முதலில் குறைந்த அழுத்தத்தில் காற்று ஏற்றிய பிறகு, சோப்பு நீரை ஒரு பழைய பிரஷ்ஷில் தொட்டு இரு கழுத்திலும் குறுக்குக் குழாயின் இரு முனைகளிலும் தடவி, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஒரு குமிழி எழும்பினாலும் காற்றை இறக்கிவிட்டுத் திரும்பக் கழற்றச் சொல்ல வேண்டும்.