பழைய மதர்போர்டு வாங்குகிறீர்களா? முதலில் ஒரு படம் எடுங்கள்

குறைந்த செலவில் கணினி சேர்க்க, பிராசசர், ரேம், மதர்போர்டு மூன்றையும் பழையதாகவே வாங்கலாம். பவர் சப்ளை மட்டும் புதிதாக இருக்கட்டும். அது கெட்டால் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

மதர்போர்டில் முதலில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பாருங்கள். இன்டெல் பிராசசர்களுக்கான எல்ஜிஏ 1151 போன்ற சாக்கெட்டுகளில் மெல்லிய பின்கள் போர்டிலேயே இருக்கும். ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். வெறும் கண்ணுக்கு இது சட்டென்று தெரியாது, நல்ல படத்தில் தெரிந்துவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி போர்டை வையுங்கள். போனை ஒட்டிப் பிடிக்காமல் ஓரடி தள்ளி வைத்து 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். பின்கள் வரிசையாக மின்னும். வளைந்தது மட்டும் அந்த வரிசையை விட்டு விலகி நிற்கும். அப்புறம், லென்ஸை முதலில் துடைத்துவிடுங்கள்.